ஊரில்லாத கடைவீதி

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனிலிருந்து மேற்கே பொடோமாக் நதியைக் கடந்து, வர்ஜீனியா மாகாணத்துக்குள் சிறிது தூரம் சென்றால் வரும் டைசன்ஸ் கார்னர் என்னும் இடம், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், இரண்டு நாட்டுப்புறச் சாலைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஒரு நாற்சந்தியும், அதன் ஓரத்தில் ஒரு பலசரக்குக் கடையும், சுற்றிலும் பால் பண்ணைகளுமாகக் கிடந்த அமரிக்கையான பிரதேசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த தபாலாபீசுக்குப் பீச் குரோவ் என்று பெயர். பக்கத்து மேரிலாந்திலிருந்து வந்து நிலம் வாங்கி, அந்தத் தபாலாபீசுக்கே போஸ்ட்மாஸ்டராகவும் இருந்த வில்லியம் டைசனின் பெயர் பிற்பாடு நாற்சந்திக்கு நிலைத்துவிட்டது.

இத்தகைய இடத்தில் பெரியதொரு வியாபார ஸ்தலம் எழுந்ததற்கு மண்ணின் வளமோ, குடிகளின் பிரயத்தனமோ காரணமன்று. சர்க்கார் போட்ட சாலைகளே காரணம். 1962-இல் மேற்கே டல்லஸ் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1964-இல், வாஷிங்டனைச் சுற்றி வளைக்கும் பெல்ட்வே என்னும் வட்டச்சாலை பூர்த்தியாயிற்று. பழைய சாலைகள் இரண்டும் இந்த வட்டச்சாலையும் சேர்ந்து உண்டாக்கிய முக்கோணத்துக்குள் அகப்பட்ட நிலம், மாடு மேய்ப்பதற்கு இனிக் கட்டுப்படியாகாத நிலமாகிவிட்டது. தியோடர் லெர்னர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே கட்டிய டைசன்ஸ் கார்னர் சென்டர், முழுவதும் ஒரே கூரையின் கீழ், குளிர்சாதன வசதியோடு, 1968 ஜூலையில் திறக்கப்பட்டது. அதில் பிரதானமாக இடம் பிடித்த ஹெக்ட்ஸ், உட்வர்ட் அண்டு லோத்ராப், லான்ஸ்பர்க்ஸ் என்னும் மூன்று கடைகளும் வாஷிங்டன் நகரின் மத்தியில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தவை. வாடிக்கைக்காரர்கள் கார் வாங்கிப் புறநகருக்குக் குடிபோகவே, கடைகளும் அவர்களைப் பின்தொடர்ந்து வந்தன. வந்தவை நிலைத்தனவா என்றால், அதுவும் இல்லை: லான்ஸ்பர்க்ஸ் 1973-லும், உட்வர்ட் அண்டு லோத்ராப் 1995-லும் மூடப்பட்டன, ஹெக்ட்ஸ் 2006-இல் மேசிஸ் என்று பெயர் மாறியது. கட்டடம் மட்டும் விரிந்துகொண்டே போயிற்று.

கடைகளைத் தொடர்ந்து காரியாலயங்கள் வந்தன. 1988-இல் சாலைக்கு அப்பால் டைசன்ஸ் கேலரியா என்னும் இன்னொரு அங்காடி எழுந்தது. 1991-இல் ஜோயல் கேரோ என்ற பத்திரிகையாளர், பழைய நகரங்களின் விளிம்பில் முளைத்த இத்தகைய இடங்களைப் பற்றி ‘எட்ஜ் சிட்டி’ என்னும் நூலை எழுதியபோது, டைசன்ஸையே அவற்றுக்கு முதன்மையான உதாரணமாகக் கொண்டார்.

ஆனால் இதை ஊர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் கோயிலும் குளமும் தெருவும் முதலில் ஏற்பட்டு, அப்புறம் வாரச்சந்தை கூடுவதுதான் வழக்கம். இங்கே சந்தை முதலில் வந்தது, மற்றவை வரவே இல்லை. மேயரோ நகரசபையோ கிடையாது. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் நிர்வாகமே இதற்கும் நிர்வாகம். பகற்பொழுதில் லட்சம் பேர் வேலை செய்துவிட்டுப் போகும் இவ்விடத்தில், 2010-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இரவில் தங்குவோர் 20,000 பேருக்கும் குறைவு. எதிர்ச் சாரியில் தெரியும் ஹோட்டலுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவதற்கும் காரை எடுக்கவேண்டிய விபரீதம், கார் ஒன்றையே மனத்தில் கொண்டு நிலத்தைப் பங்கிட்டதன் நேரான விளைவு.

இந்தக் குறையைக் கவுண்டி அதிகாரிகளே உணர்ந்து, 2010-இல் ஒரு புதுத் திட்டம் வகுத்தனர். 2050-க்குள் ஒரு லட்சம் பேர் இங்கே குடியிருக்கவேண்டும், இரண்டு லட்சம் பேருக்கு வேலை இருக்கவேண்டும், வளர்ச்சியில் முக்கால் பங்கு ரயில் நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் அமையவேண்டும் என்பது அவர்களுடைய லட்சியம். 2014 ஜூலையில் சில்வர் லைன் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கி, டைசன்ஸுக்குள்ளேயே நான்கு நிலையங்கள் ஏற்பட்டன. ரயிலைச் சுரங்கத்தில் கொண்டுபோக வேண்டுமென்று பலர் மன்றாடியும், செலவுக்கு அஞ்சிப் பெரும்பகுதியைத் தூண்கள்மேல் ஏற்றிவிட்டார்கள்; இது சிக்கனமா, சிறுமையா என்ற விவாதத்துக்கு இடமுண்டு. 2020-இல் குடிகள் ஏறக்குறைய 26,000 பேர். ரயிலிலிருந்து இறங்குவோர் அகன்ற சாலையைத் தாண்டுவதற்கென்று நிலையங்களிலிருந்து நடைபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். சாலையைக் குறுக்குவதைவிட அது சுலபமாக இருந்தது போலும்.