தூரிகையும் இசையும்

எழுதுவது என்றால் தனி அறையில் ஓசையின்றிச் செய்யும் வேலை என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். எழுதுவதையே ஓர் அரங்கக் கலையாக ஆக்கிக்கொண்ட நாடு ஒன்று உண்டு. அது ஜப்பான். பலர் கூடியிருக்கும் மண்டபத்தின் நடுவே பெரிய காகிதத்தை விரிக்கிறார்கள். துடைப்பம் போன்ற பருத்த தூரிகையை மையில் தோய்க்கிறார்கள். இசை முழங்க எழுதுகிறார்கள். அந்த இசையை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்குச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு கலைக்கு மற்றொரு கலை எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்னும் பெரிய கேள்வி இதனுள் அடங்கியிருக்கிறது.

ஜப்பானியர் தூரிகை எழுத்துக் கலையை 'ஷோடோ' என்பர். எழுத்தின் நெறி என்பது அச்சொல்லின் பொருள். சீனத்திலிருந்து எழுத்தோடு சேர்ந்து வந்த இக்கலை, ஜப்பானில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்திருக்கிறது. 774 முதல் 835 வரை வாழ்ந்த கூக்காய் என்னும் பௌத்தத் துறவியை அந்நாட்டார் முப்பெருந் தூரிகையாளருள் ஒருவராகப் போற்றுகின்றனர். இக்கலையின் சட்டங்களுள் தலையாயது ஒன்று: ஒருமுறை இழுத்த கோட்டின்மேல் மறுமுறை தூரிகையை ஓட்டித் திருத்தக் கூடாது. சிலேட்டில் எழுதியதை அழிக்கலாம். பென்சிலால் எழுதியதையும் அழிக்கலாம். காகிதத்தில் ஊறிவிட்ட மையை அழிக்க இயலாது. ஆகவே, எழுதுபவருடைய மூச்சும் மனமும் அந்தக் கணத்தில் எப்படி இருந்தனவோ, அப்படியே கோடு காட்டிவிடுகிறது.

இக்கலையைக் குழுவாக நின்று இசையோடு நிகழ்த்தும் வழக்கத்தை நாடெங்கும் பரப்பியவர்கள் பள்ளி மாணவர்கள். இது நீங்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. ஷிக்கோக்கு தீவில், எஹிமே மாநிலத்தில், ஷிக்கோக்குச்சூவோ என்றொரு நகரம் இருக்கிறது. அது காகிதத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்க் கடைத்தெரு களையிழந்து வந்த காலத்தில், மிஷிமா உயர்நிலைப் பள்ளியின் எழுத்துக்கலைக் கழக மாணவர்கள், ஊருக்கு ஊக்கமூட்ட எண்ணிப் பொது இடத்தில் பாட்டோடு எழுதிக் காட்டினர். 2008-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டி அந்நகரில் தொடங்கியது. 2010-இல் இவ்வரலாறு திரைப்படமாகவும் வந்தது. 12 பேருக்கு மேற்படாத குழு, 4 மீட்டருக்கு 6 மீட்டர் காகிதம், 6 நிமிட நேரம் என்பவை போட்டிக்கு வகுத்த அளவுகள். பல மாதப் பயிற்சியின் பயன் அந்த 6 நிமிடத்திற்குள் தெரிந்துவிட வேண்டும். ஒரு பிழை நேர்ந்தால் வேறு தாள் கிடையாது. இசைத் தேர்வு விளையாட்டு அன்று என்பது இதனால் விளங்கும்.

இசை எழுத்தை எவ்வாறு மாற்றுகிறது என்பதை முதலில் காண்போம். தூரிகை எழுத்தில் வேகம் கண்ணுக்குப் புலனாகும். மை நிறைந்த தூரிகையை மெல்ல நகர்த்தினால், மை காகிதத்தில் ஊறிப் பரவிக் கோட்டின் விளிம்பு கசியும். விரைந்து இழுத்தாலோ, இடையிடையே வெண்மை தெரிய உலர்ந்த கோடு பிறக்கும். இரண்டும் அழகே; வேண்டிய இடத்தில் வந்தால் மட்டும். மனிதன் கையோ தாளத்தைப் பின்பற்றும் இயல்புடையது. வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்தியவர்களுக்கு இது புதிதன்று. ஆசிரியர் விரைந்து சொன்னால் மாணவர் எழுத்துகள் சாய்ந்து ஓடும். நிறுத்திச் சொன்னால் நிமிர்ந்து நிற்கும். நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் நாள்தோறும் கண்ட உண்மை இது. அதுபோலவே, பறை விரைந்தால் தூரிகையும் விரைகிறது, மை காய்கிறது, எழுத்து மெலிகிறது. ஆகவே, தாளத்தைத் தேர்ந்தெடுப்பவர் கோட்டின் ஈரத்தையும் உலர்ச்சியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

இதிலிருந்து முதல் விதி தானே பிறக்கிறது. பாட்டை முன்னே வைத்து எழுத்தை அதனுள் திணிக்கலாகாது. முதலில் இசையின்றி எழுதிப் பார்க்க வேண்டும்; எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். 'உள்ளம்' எனப் பொருள்படும் எழுத்துக்கு 4 கோடுகள் போதும். 'கனவு' எனப் பொருள்படும் எழுத்துக்கு 13 கோடுகள் வேண்டும். மேலும், இடையிடையே தூரிகையை மையில் தோய்த்தாக வேண்டும். இந்த நேரங்களையெல்லாம் குறித்துக்கொண்ட பின்னரே, அவற்றிற்கு இடங்கொடுக்கும் இசையைத் தேட வேண்டும்.

இரண்டாவது, எழுத்தின் வகையை நோக்க வேண்டும். 'கைஷோ' என்பது ஒவ்வொரு கோடும் தனித்து நிற்கும் திருத்தமான எழுத்து. 'ஸோஷோ' என்பது கோடுகள் ஒன்றோடொன்று கலந்து ஓடும் விரைவெழுத்து. 'க்யோஷோ' இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. முன்னதற்கு நிறுத்தி ஒலிக்கும் தாளம் பொருந்தும். ஓட்ட எழுத்துக்கு அறுபடாத நாதம் பொருந்தும்.

மூன்றாவது, கருவியின் இயல்பு. கோடு முடியும் முறைகளை அக்கலைஞர் மூன்றாகப் பகுப்பர். அழுத்தி நிறுத்துவது 'தோமே'. துள்ளி எழுவது 'ஹனே'. மெல்லத் தேய்ந்து மறையும்படி இழுப்பது 'ஹராய்'. 'தைக்கோ' என்னும் பெரும் பறையின் அடி, அழுத்தி நிறுத்தும் கோட்டுக்கு உறவு. 13 நரம்புகளையுடைய 'கோத்தோ' யாழின் மீட்டு, துள்ளும் கோட்டுக்கு உறவு. 'ஷாக்குஹாச்சி' என்னும் மூங்கிற் குழல், தேய்ந்து மறையும் கோட்டுக்கு உறவு. ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் நீளமும் ஐந்தே துளைகளும் கொண்ட இக்குழலை, ஒரு காலத்தில் பௌத்தத் துறவியர் மூச்சைப் பயிலும் தியானமாகவே ஊதி வந்தனர். தூரிகையாளரும் மூச்சை அடக்கி எழுதுபவராதலால், தனி ஒருவர் எழுதும் அரங்கிற்கு இக்குழல் மிகப் பொருந்துகிறது. பன்னிருவர் ஒரே தாளில் நடமாடி எழுதும்போது நிலைமை வேறு. அங்கே அனைவரும் ஒருங்கே அடியெடுத்து வைக்க உறுதியான தாளம் வேண்டும். மாணவர் குழுக்கள் இக்காலத்து மெல்லிசைப் பாடல்களை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் குற்றமில்லை. ஆனால், பாட்டில் சொற்கள் இருந்தால் அவை தாளில் எழுதும் சொற்களோடு முரணக் கூடாது. காது பிரிவைக் கேட்க, கண் நம்பிக்கையைப் படித்தால், அவையோர் உள்ளம் இரண்டிலும் நிற்காது.

நான்காவது, வளர்ச்சி. ஜப்பானியக் கலைகளில் 'ஜோ, ஹா, க்யூ' என்றொரு முறை உண்டு. அரசவை இசையில் வழங்கிய இம்முறையை, ஸேயாமி என்னும் பேராசான் 'நோ' நாடகத்திற்கு இலக்கணமாக விரித்துரைத்தார். மெல்லத் தொடங்கி, நடுவே கிளைத்து, முடிவில் விரைந்து முடிப்பது அது. முதல் கோட்டிலேயே பறை முழங்கினால், முடிவுக்கு என்ன மிஞ்சும்?

ஐந்தாவது, மௌனம். ஒலிகளுக்கு நடுவிலுள்ள வெறுமையை ஜப்பானியர் 'மா' என்று பெயரிட்டு மதிக்கின்றனர். தாளில் கருமைக்கு இணையாக வெண்மையும் எழுத்தின் பகுதியே. ஆகவே, தூரிகை தாளைத் தொடுமுன் ஒரு நொடி இசை அடங்கட்டும். எழுதி முடித்த தாளை அவைமுன் நிமிர்த்தும்போதும் சற்று அடங்கட்டும்.

கலைகள் ஒன்றுக்கொன்று உதவுவது புதிய செய்தி அன்று. எட்டாம் நூற்றாண்டில் சீனத்தில் வாழ்ந்த சாங் சூ என்பவர், குங்சுன் அம்மையாரின் வாள் நடனத்தை அடிக்கடி கண்டபின் தம் ஓட்ட எழுத்தில் மிகவும் தேர்ந்தார் என்று கவிஞர் தூ ஃபூ தம் பாடல் ஒன்றின் முன்னுரையில் கூறுகிறார். நடனத்தின் அடிகளை அவர் தாளில் வரையவில்லை. அதன் உயிரோட்டத்தைத் தம் கைக்கு வரவழைத்துக்கொண்டார். இசையிடமிருந்து தூரிகை பெற வேண்டியதும் அதுவே.

இறுதியாக, தேர்வு சரியா என்று அறிய ஓர் உரைகல் சொல்வேன். இசை காற்றில் கலந்துவிடும், கைத்தட்டலும் ஓய்ந்துவிடும், தாள் மட்டும் எஞ்சும். மறுநாள் காலை, ஓசை ஏதுமின்றிச் சுவரில் தொங்கும் அத்தாளைப் பாருங்கள். கோடுகள் அப்போதும் உயிரோடு நின்றால், இசை தன் கடமையைச் செய்தது. கூட்டத்தை மயக்கிவிட்டு எழுத்தைக் கெடுத்திருந்தால், அந்த இசை எவ்வளவு இனியதாயினும் அவ்விடத்திற்கு உரியதன்று. மேடையில் நாடகமோ நாட்டியமோ நிகழ்த்தப் போகும் மாணவர்களே, பின்னணி இசையைத் தேடும்போது இந்த உரைகல்லை நினைவிற் கொள்ளுங்கள். துணை என்பது தான் மறைந்து நின்று மற்றதை விளங்கச் செய்வது.