பச்சை ஏன் அழிவதில்லை?

பச்சை குத்தும்போது மை தோலில் சாயம்போல ஊறி, ஊறிய இடத்திலேயே அசையாமல் கிடக்கின்றது என்றுதான் நம்மிற் பலர் எண்ணுகின்றோம். 'மனதில் பச்சை குத்தியதுபோல' என்று சொல்லும்போதும் மாறாத ஒன்றையே கருதுகின்றோம். உடற்றொழிலியல் காட்டுவதோ வேறொன்று.

மேற்றோல் நிலையற்றது. அதன் கலங்கள் அடியில் தோன்றி, மேலே தள்ளப்பட்டு, சில வாரங்களில் செதிலாக உதிர்கின்றன. மை அங்கு மட்டும் தங்கினால் மருதோன்றிபோல மறைந்துவிடும். ஆகவே ஊசி மேற்றோலைக் கடந்து, 1 முதல் 2 மில்லிமீற்றர் ஆழத்தில், நார்களும் குருதிக் குழாய்களும் நிறைந்த உட்டோலில் மையை இறக்குகின்றது. கறுப்பு மை நீலப்பச்சைச் சாயலாகத் தெரிவதும் இதனால்தான்; மேலேயுள்ள இழையம் ஒளியைச் சிதறச் செய்கின்றது. கரியால் குத்தியதைப் 'பச்சை' என்பது கண்ணுக்குப் பொய்யல்ல.

உடலைப் பொறுத்தவரை மை ஓர் அந்நியப் பொருள். பக்டீரியாக்களை விழுங்கிச் செரிக்கும் 'மக்ரோபேஜ்' எனும் பெருந்தின்கலங்கள் மைத் துணிக்கைகளையும் விழுங்குகின்றன. ஆனால் அவற்றின் நொதியங்களால் கரியைக் கரைக்க முடிவதில்லை. நுண்ணிய துணிக்கைகளில் ஒரு பகுதி நிணநீரோடு சென்று அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் படிகின்றது. பெரியவை விழுங்கிய கலத்தினுள்ளேயே சிறைப்படுகின்றன.

அக்கலம் இறந்தால் என்ன ஆகும்? பிரான்சின் மார்செய் நகரில் சான்ட்ரின் ஆன்ரி, பெர்னார் மலிசென் ஆகியோரின் ஆய்வுக்குழு 2018இல் இதற்கு விடை தந்தது. சுண்டெலிகளின் வாலில் பச்சை குத்தி, மையைத் தாங்கிய மக்ரோபேஜ்களை அழித்துப் பார்த்தனர். பச்சை மங்கவில்லை. இறந்தவை கைவிட்ட துணிக்கைகளைப் புதிதாக வந்த மக்ரோபேஜ்கள் விழுங்கிக்கொண்டன. பச்சை குத்திய தோலை வேறொரு சுண்டெலியில் ஒட்டியபோது, ஆறு வாரங்களின் பின் அந்த மையைத் தாங்கியிருந்தவை பெரும்பாலும் புதிய உடலின் கலங்களே. லேசர் சிகிச்சையைப் பல தடவை செய்யவேண்டியிருப்பதற்கும் இது ஒரு காரணம் எனலாம். ஒளிக்கற்றை நொறுக்கிய துணிக்கைகளில் நிணநீர் கொண்டுபோகாதவற்றைக் கலங்கள் மீண்டும் விழுங்கிவிடுகின்றன.

ஆக, வெளியேற்ற முயன்று தோற்கும் காவலே மையை நிலைக்கச் செய்கின்றது. குத்தியவர் யார், குத்தப்பட்டது எது என்பது அக்காவலுக்குத் தெரியாது. அவுஷ்விட்ஸ் முகாமில் 1941 முதல் கைதிகளின் உடலில் இலக்கங்கள் குத்தப்பட்டன. 1945இல் முகாம் விடுவிக்கப்பட்டது. குத்தியவர்களின் அதிகாரம் ஒழிந்த பின்னரும், தப்பியவர்களின் கைகளில் அவ்விலக்கங்களைத் தசாப்தங்களாகக் கைமாற்றிக் காத்தவை அவர்களது சொந்தக் கலங்களே. சிலர் அறுவைச் சிகிச்சை செய்து அதை அகற்றினர். சிலர் சாட்சியமாக வைத்திருந்தனர். அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் மனிதர்கள், கலங்கள் அல்ல.

உயிரியலை அரசியலுக்கு ஆதாரமாக்குவது ஆபத்தான பழக்கம். எனினும் அடையாளத்தைப் பச்சைக்கு ஒப்பிடுவோர் அவ்வுவமையை முழுமையாக ஏற்கவேண்டும். எதுவும் தானாக நிலைப்பதில்லை. ஒருவர் விட இன்னொருவர் ஏந்துவதால் நிலைக்கின்றது. ஏந்துவது எதனை என்று கேட்கும் வசதி கலத்துக்கு இல்லை. நமக்கு இருக்கின்றது.