‘சும்மாதான் சொன்னேன்’னு தப்பிக்க முடியாது பாஸ்!

சிவகிரி மாதிரி ஊர்ல ஒரு சங்கதி பரவ ரொம்ப நேரம் ஆகாது. காலையில டீக்கடையில ஒருத்தர் வாயைத் திறந்தா போதும், ராஜபாளையம் பஸ் கிளம்புறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். ‘அந்தப் பொண்ணு நேத்து யாரோடயோ வந்துச்சாம்ல...’ இந்த ‘ஆம்ல’ இருக்கே, அதுதான் டேஞ்சர்! சொன்னவர் டீயைக் குடிச்சிட்டுப் போயிடுவார். அந்தப் பொண்ணை ‘படிச்சது போதும்’னு வீட்டுல உட்கார வெச்சுடுவாங்க. ஒரு வதந்தி, ஒரு டிகிரியையே காலி பண்ணிடும் ஃப்ரெண்ட்ஸ்!

‘ஊர் வாயை மூட முடியுமா?’னு பெரியவங்க சொல்வாங்க. ஒரு மாணவி மூடிக் காட்டியிருக்கார்.

1977 டிசம்பர், ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூர். அவருக்கு வயசு 17, பி.ஏ. மாணவி. ‘நைட் கிளாஸ் போறேன்னு சொல்லிட்டு ஒரு பையனோட ஓடிப்போயிட்டாள்’னு ஒரு நாளிதழ் செய்தி போட்டது. அத்தனையும் பொய்! அவர் அழுதுட்டு மூலையில் உட்காரல, வழக்குப் போட்டார். விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கடைசியில் ஜெயிச்சது மாணவிதான். நஷ்டஈடு 10,000 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனா, அந்த வழக்கை இன்னிக்கும் சட்டக் கல்லூரிகள்ல பாடமா படிக்கிறாங்க.

‘ஜோக்குக்குக் கூடவா கேஸ்?’னு கேட்கிற குரூப்புக்கு, லண்டன் கதை ஒண்ணு. ‘உங்க வீட்டுக்காரர் விபத்துல கால் உடைஞ்சு கிடக்கார்’னு ஒரு பெண்கிட்ட ஒருத்தர் விளையாட்டாப் பொய் சொன்னார். அதிர்ச்சியில் அந்தம்மா படுத்த படுக்கையாகிட்டார். 1897-ல் வந்த தீர்ப்பு, ஜோக் அடிச்சவர் 100 பவுண்ட் கட்டணும்னு சொல்லிச்சு. நம்ம நாட்டுல மன உளைச்சலுக்குன்னு தனிச் சட்டம் இல்லை. ஆனா, அவதூறு வழக்குல நஷ்டஈடு கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

ரூட் ரெண்டு இருக்கு. ஒண்ணு, சிவில் வழக்கு. நஷ்டஈடும் கேட்கலாம், ‘இனிமே இப்படிப் பேசக் கூடாது’னு தடையும் கேட்கலாம். ரெண்டாவது, கிரிமினல். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவுப்படி, ரெண்டு வருஷம் வரை ஜெயில், அபராதம் அல்லது சமூக சேவை. இதுக்குப் போலீஸ் நேரா கேஸ் போடாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்கிட்ட புகார் கொடுக்கணும்.

முக்கியமான பாயின்ட் இது. ‘நான் கட்டிவிடல, கேட்டதைத்தான் சொன்னேன்’ங்கிற சால்ஜாப்பு சட்டத்துல எடுபடாது. பொய்யை வாங்கி அடுத்தவருக்குக் கைமாத்துறவரும் பொறுப்புதான். வாட்ஸ்அப்ல தட்டிவிட்டாலும் இதே கதைதான்!

பாதிக்கப்பட்டது நீங்களா? யார், எந்தத் தேதியில், யார் முன்னாடி, என்ன வார்த்தை சொன்னாங்கன்னு உடனே எழுதி வைங்க. மெசேஜ்னா அழிக்காதீங்க. சிவில் வழக்குக்கு ஒரு வருஷம்தான் டைம். உங்ககிட்ட மட்டும் தனியா திட்டினா அது அவதூறு ஆகாது, மூணாவது ஆள் காதுக்குப் போயிருக்கணும். வக்கீலுக்குக் காசு இல்லையா? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் போட்டா வழி சொல்வாங்க.

ஒரு விஷயம், இந்தச் சட்டம் உண்மையைப் பேசுறவரை மிரட்டுறதுக்கு இல்லை. ‘இவர் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்’னு ஒரு மாணவி நல்லெண்ணத்தோட பிரின்சிபால்கிட்ட புகார் கொடுத்தா, அது அவதூறு ஆகாது.

கேஸ்னா அலைச்சல்தான், வருஷக்கணக்கா இழுக்கும். அந்த அலைச்சல் யாருக்கும் வராம தடுக்கிற வேலை நம்ம கையிலதான் இருக்கு மக்கா. அடுத்த தடவை யாராவது ‘ஆம்ல’ போட்டா, ‘நீ பார்த்தியாலே?’னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பாதிக் கதை அங்கேயே செத்துடும்!