அரை அடி உயரத்தில் மரணம்

அறிவியல் புனைகதை வாசகர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. விஞ்ஞானம் பிசகாமல் இருக்க வேண்டுமா, பாத்திரம் மனதில் நிற்க வேண்டுமா? இதற்குச் சாட்சியாக நான் கூப்பிட விரும்புவது பார்லென்னனை.

பார்லென்னன் ஒரு கப்பல் தலைவன். நீளம் ஒன்றேகால் அடி. பூரான் மாதிரி உடல் நெடுகக் கால்கள். ஹால் கிளமென்ட் என்ற அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் 1953-இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் தொடராக எழுதிய 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலின் நாயகன்.

கிளமென்ட் முதலில் கட்டி முடித்தது அவன் வாழும் கோளைத்தான். 61 சிக்னி என்ற விண்மீனுக்கு, வியாழனைவிடப் பதினாறு மடங்கு நிறையுள்ள துணை இருப்பதாக 1942-இல் வானியலாளர் காய் ஸ்ட்ராண்ட் அறிவித்திருந்தார். அதற்கு மெஸ்க்ளின் என்று பெயரிட்டு, சுமார் 18 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழலவிட்டார் கிளமென்ட். அந்த வேகத்தில் கோள் துருவங்களில் அமுங்கி, நடுவில் பிதுங்கித் தட்டையாகிவிடுகிறது. நடுக்கோட்டில் சுழற்சியே எடையில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுவதால் அங்கே ஈர்ப்பு பூமியைப் போல 3 மடங்குதான். துருவத்திலோ ஏறக்குறைய 700 மடங்கு.

இந்த 700-ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்கே அரை அடி உயரத்திலிருந்து, அதாவது 15 சென்டிமீட்டரிலிருந்து, விழுவது பூமியில் 105 மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். முப்பத்தைந்து மாடி. தரையைத் தொட ஆகும் நேரம் ஒரு விநாடியில் நூற்றைம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பொருள் விழுவதைக் கண்ணால் பார்க்கவே முடியாது; இங்கே இருந்தது, அடுத்த கணம் கீழே நொறுங்கிக் கிடக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவன் எதற்கு அஞ்சுவான்? உயரத்துக்கு. தலைக்கு மேலே தொங்கும் எதற்கும். அவன் ஊரில் சுவர்கள் சில அங்குலம்தான், கூரை வெறும் துணி. வணிகம் செய்ய நடுக்கோட்டுப் பக்கம் வந்த பார்லென்னனை, அந்தக் கோளை ஆராய வந்த மனிதர்கள் தங்கள் வண்டியின் மேல் தூக்கி வைக்கும்போது அவன் வெலவெலத்துப் போகிறான். நமக்கு அது மேசை உயரச் சமாசாரம். அவனுக்கோ உலகின் விளிம்பு. அந்தப் பயத்தை ஆசிரியர் வர்ணித்து நம்பவைக்க வேண்டியதே இல்லை, சமன்பாடே நம்பவைத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே நாவலின் மனிதர்கள் வெறும் அட்டைப் பொம்மைகள். அவர்களுடைய ஈர்ப்பு விசையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையே!

கிளமென்டின் கணக்கிலும் பிழை இல்லை என்று சொல்ல முடியாது. பின்னர் சரிபார்த்தபோது துருவ ஈர்ப்பு 250 மடங்கை ஒட்டித்தான் வந்தது. போதாக்குறைக்கு, ஸ்ட்ராண்ட் சொன்ன துணையே அங்கே இல்லை என்பது பிற்கால அளவீடுகளில் தெரியவந்தது. ஆனால் 250-ஐ வைத்துப் பெருக்கினாலும் அரை அடி 37.5 மீட்டராகிறது. பார்லென்னன் பயப்படக் காரணம் அப்படியே இருக்கிறது. இன்னொரு சாட்சி: செவ்வாயின் காற்று ராக்கெட்டைச் சாய்க்கும் அளவுக்கு அடர்த்தியானதல்ல என்று தெரிந்தே 'தி மார்ஷியன்' நாவலைப் புயலில் தொடங்கினார் ஆண்டி வெயர். அந்தப் பிழையும் தாங்கும். அவருடைய நாயகனை உருவாக்குவது புயலல்ல, உயிர் பிழைக்க அவன் போடும் உருளைக்கிழங்குக் கணக்கு. (நம் சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோ இப்படிக் கணக்கு எதுவும் காட்டாமலே பிழைத்துக்கொண்டது. அது ஆசிரியரின் நகைச்சுவை செய்த வேலை.)

துருவத்தில் சிக்கிய ஆய்வு ராக்கெட்டை மீட்டுத் தரத்தான் பார்லென்னனை மனிதர்கள் அமர்த்துகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவன் வியாபாரி புத்தியைக் காட்டுகிறான்: எங்களுக்கு அறிவியல் சொல்லித்தந்தால்தான் கருவிகள் கிடைக்கும். பேரம் படிகிறது. அரை அடிக்கு நடுங்கியவன் கடைசியில் சூடான வாயு நிரப்பிய பலூனைக் கட்டிப் பறக்கிறான்.