கோயில் திடலிலிருந்து கோடம்பாக்கம் வரை... செந்தில் கணேஷ் - ராஜலட்சுமி பாடி வந்த பாதை!

பங்குனி பிறந்துவிட்டால் தொட்டியம் பக்கம் ராத்தூக்கம் குறைந்துவிடும். மதுரகாளியம்மன் கோயில் தேர்களைப் பக்தர்கள் தோளில் தூக்கி வரும் ஊர் அது. அங்கே தொடங்கி முசிறி, குளித்தலை, கரூர் என்று காவிரியின் இரண்டு கரையிலும் வைகாசி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் காப்பு கட்டியிருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கோயில் திடலில் மேடை, சீரியல் செட் வெளிச்சம், தவில், உறுமி, பம்பை. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகள்தான் நடுவர்கள். பாட்டு பிடிக்கவில்லை என்றால் அங்கேயே படுத்துத் தூங்கிவிடுவார்கள்!

நாட்டுப்புறப் பாடகர்களுக்குப் பேரும் வருமானமும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அப்படிப்பட்ட மேடைகளில் பாடிப் பழகியவர்கள்தான் செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும். செந்தில், புதுக்கோட்டை மாவட்டம் களபம் கிராமத்துக்காரர். 1974-ல் தனி மாவட்டமாகும் வரை புதுக்கோட்டையும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. ராஜலட்சுமிக்கு ஊர் திண்டுக்கல்.

2018-ல் விஜய் டி.வி-யின் 'சூப்பர் சிங்கர்' ஆறாவது சீசனில் இருவரும் போட்டியாளர்களாக வந்து நின்றபோது, பலரும் முதலில் கவனித்தது உடையைத்தான். வேட்டி, துண்டு, கிராமத்துச் சேலைக்கட்டு. பாடத் தொடங்கிய பிறகு உடை மறந்துபோனது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் நாட்டுப்புறப் பாட்டு என்பது மற்றவர்களுக்கு ஒரு வாரச் சுற்று. வந்ததும் போவதும் தெரியாது. இவர்களுக்கோ அதுதான் வீட்டுப் பாஷை.

சாஸ்திரிய சங்கீதம் படித்தவர்கள் சங்கதிகளில் நுணுக்கம் காட்டுவார்கள். கிராமியப் பாட்டில் மெட்டு சின்னது, திரும்பத் திரும்ப வரும். அதனால் கேட்பவரைப் பிடித்து வைக்க வேண்டிய வேலை சொல்லுக்கும் குரலுக்கும் வந்துவிடுகிறது. திடலின் கடைசியில் டீக்கடையில் நிற்பவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் புரிய வேண்டும். தொண்டையைத் திறந்து பாட வேண்டும், கடைசி எழுத்தை இழுத்து நிறுத்த வேண்டும், எதிர்ப்பாட்டு பாடுகிறவரைச் சீண்ட வேண்டும். வருடக்கணக்கில் திடலில் நின்றவர்களுக்கே அது வரும். இருவருக்கும் வந்தது.

ஜூலையில் நடந்த இறுதிச் சுற்றில் செந்தில் கணேஷ் வெற்றி பெற்றார். பரிசு, 50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு. 'இது சங்கீதப் போட்டியா, கிராமியப் போட்டியா' என்று சமூக வலைதளங்களில் சிலர் சண்டை போடவும் செய்தார்கள். அதே 2018-ல்தான் நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்து, கணவரோடு மேடை மேடையாகப் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சண்டை போட்டவர்கள் அதையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரஸ்யம். டி.வி பாடகர்கள் சினிமாப் பாட்டைப் பாடிப் பிரபலமாவதுதான் வழக்கம். இங்கே செல்ல தங்கையா எழுதிய 'சின்ன மச்சான்' என்ற மேடைப் பாட்டு, 2019-ல் பிரபுதேவாவின் 'சார்லி சாப்ளின் 2' படத்துக்குள் போனது, அதுவும் இதே ஜோடியின் குரலில். யூடியூபில் பல கோடிப் பார்வைகள். அதே பொங்கலுக்கு வந்த அஜித்தின் 'விஸ்வாசம்' படத்திலும் டி.இமான் இசையில் 'டங்கா டங்கா' பாடினார்கள்.

ஆனாலும் இந்த வெற்றியைப் பார்க்கும்போது பரவை முனியம்மா நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 2003-ல் 'தூள்' படத்தில் பாடித் தமிழ்நாட்டையே ஆட வைத்தவர். 2015-ல் அவர் நோயிலும் வறுமையிலும் இருந்த செய்தி வெளியான பிறகு, அரசு 6 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு மாதாமாதம் பணம் கிடைக்க வழி செய்தது. 2020-ல் அவர் காலமானார்.

அமெரிக்காவில் 'கன்ட்ரி மியூசிக்' என்று ஒன்று உண்டு. அதுவும் கிராமத்துப் பாட்டுதான். 1925-லிருந்து நாஷ்வில் நகரத்தின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சி அதை வளர்த்தது. அந்தப் பாட்டுக்கென்றே தனி ரேடியோ நிலையங்கள், தனி விற்பனைப் பட்டியல், தனி விருதுகள். டென்னசி மலைக்கிராமத்தில் 12 பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டில் பிறந்த டாலி பார்ட்டன், சினிமா கூப்பிடும் முன்பே அந்தப் பாட்டாலேயே நட்சத்திரமாகிவிட்டார். நம் ஊரிலோ கிராமியப் பாடகர் வளர்ந்துவிட்டார் என்று சொல்ல, சினிமா கூப்பிட வேண்டியிருக்கிறது.

2020-லும் 2021-லும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்றபோது, தமிழ்நாடு முழுக்க மேடைக் கலைஞர்களின் சீசனே போனது. 2021 டிசம்பரில் 'புஷ்பா' வந்தது. தெலுங்கில் 'சாமி சாமி' பாடியவர் தெலங்கானாவின் நாட்டுப்புறப் பாடகி மௌனிகா யாதவ். தமிழில் 'வாயா சாமி' என்று பாடியவர் ராஜலட்சுமி. இரண்டு மொழியிலும் கிராமத்து மேடைக் குரலைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 2023-ல் 'லைசென்ஸ்' படத்தில் ராஜலட்சுமி கதாநாயகியாகவே நடித்தார்.

இப்போது கிராமத்துக் கச்சேரி நோட்டீஸ்களில் பாடகர் பெயருக்கு மேலே 'டி.வி புகழ்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். முன்வரிசைப் பாட்டிகள் அதைப் படிப்பதில்லை. பாயை விரித்து, தலைக்குக் கையை வைத்து, முதல் பாட்டு எப்படி என்று பார்க்கிறார்கள்.