கடைசி வரிசை, தூண் ஓரம்

ஜும்பா வகுப்பில் சேர்ந்த முதல் நாள், கடைசி வரிசையில் தூண் ஓரமாக இடம் பிடித்தேன். அது புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன். எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸ் ஹால், மாலை ஆறரை மணி. இருபத்திரண்டு பெண்கள், நான், அப்புறம் ஃபேன் ரெகுலேட்டரைச் சரிசெய்ய வந்து, சரிசெய்து முடித்தும் போகாமல் நின்றிருந்த எலெக்ட்ரீஷியன். ஐந்தாவது நிமிடத்தில் பாட்டு மாறியது. பயிற்சி கொடுக்கும் பெண் கையைத் தட்டி, "டர்ன்!" என்றார். ஹால் மொத்தமும் அப்படியே திரும்பியது. கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. எனக்கு முன்னால் பார்த்துச் செய்ய ஒரு முதுகுகூட இல்லை. எனக்குப் பின்னால் இருபத்திரண்டு பேர். எல்லோரும் வலது பக்கம் நகர்ந்தபோது நான் இடது பக்கம் நகர்ந்து தூணில் முட்டிக்கொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மறுநாள் லிஃப்டில் மூன்றாவது மாடிக்காரர் கேட்டார். "என்ன சார், லேடீஸ் கிளாஸ்ல சேந்துட்டீங்களாமே?" அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீஸில் 'லேடீஸ்' என்ற சொல்லே கிடையாது. 'அனைவரும் வரலாம்' என்றுதான் இருந்தது. ஆனால் அவர் குரலில் கேலியைவிட அக்கறை அதிகம். வீட்டில் ஏதும் பிரச்சினையா, டாக்டர் ஏதும் பயமுறுத்திவிட்டாரா என்கிற தோரணை. சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்றேன். உடனே அவர் முகம் தெளிந்துவிட்டது. வியாதி என்றால் ஆண்பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஆண்கள் இந்த மாதிரி வகுப்புகளுக்கு வராததற்குச் சோம்பல்தான் காரணம் என்று என் மனைவி உட்பட பலரும் சொல்வார்கள். அது சரியில்லை. அந்த மூன்றாவது மாடிக்காரரே காலை ஐந்தரைக்கு ஷட்டில் கோர்ட்டில் நிற்பவர். மழை பெய்து தரை வழுக்கினாலும் துடைப்பத்தோடு வந்து தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடுகிற கோஷ்டி அது. மெரினாவில் விடிவதற்கு முன்பே நடக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை கிடைத்த மைதானத்தில் ஸ்டம்ப் நடுகிறவர்கள் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள்தான். 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம். ஆக, ஆண்கள் ஆடுகிறார்கள், ஓடுகிறார்கள், கூட்டமாகவும் சேருகிறார்கள். அந்த ஹாலுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

இந்த ஹாலுக்கும் மைதானத்துக்கும் நடுவே கோடு விழுந்த கதை சுவாரசியமானது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-ல் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அந்தச் சொல் ஊருக்குத் தெரிய வந்ததே அதற்குப் பிறகுதான். அவர் மனதில் இருந்தவர்கள் படைவீரர்கள். ஓட்டம், நீச்சல், சைக்கிள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, வாரத்துக்கு 30 புள்ளி சேர்க்கச் சொன்னார். அடுத்த வருடமே, விமானப்படை வீரர் ஒருவரின் மனைவியான ஜாக்கி சோரன்சன், போர்ட்டோ ரிக்கோவில் இருந்த படைத்தளத்தில் வீரர்களின் மனைவிமாருக்காக அதே கருத்தை நடனமாக மாற்றினார். 'ஏரோபிக் டான்ஸ்' பிறந்தது. ஒரே படை, ஒரே இதயம், ஒரே மூச்சு. புருஷனுக்கு ஸ்டாப் வாட்சும் புள்ளியும், பெண்டாட்டிக்குப் பாட்டும் ஹாலும்.

அதே 1969-ல் சிகாகோ பக்கம் ஜூடி ஷெப்பர்ட் மிஸட் என்ற நடன ஆசிரியை, தன் வகுப்பிலிருந்து பெண்கள் நின்றுபோவதைக் கவனித்தார். கேட்டுப் பார்த்தார். எங்களுக்கு நடனக்காரி ஆக வேண்டாம், அந்த மாதிரி உடம்பு இருந்தால் போதும் என்றார்கள். அவர் செய்த முதல் காரியம், அவர்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கவைத்தது. இன்று உலகமெங்கும் நடக்கும் 'ஜாஸர்சைஸ்' அங்கிருந்து வந்ததுதான். கண்ணாடி ஒரு வில்லன் என்பதை அந்த அம்மாள் ஐம்பது வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைப் பெண்களுக்காகக் கண்டுபிடித்தார். எங்கள் ஹாலில் சுவர் நிறையக் கண்ணாடி இருக்கிறது. ஒரு கல்யாண வரவேற்புக்காக மாட்டியது, கழற்றவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வகுப்புகளில் பாதியை ஆரம்பித்தவர்கள் ஆண்கள். ஜும்பா, கொலம்பியாவின் காலி நகரத்துக்காரர் பெட்டோ பெரேஸ் கொண்டுவந்தது. ஏரோபிக்ஸ் வகுப்புக்கான கேசட்டை ஒருநாள் மறந்துவிட்டுப் போய், கையில் இருந்த சால்ஸா, மெரெங்கே பாட்டுகளைப் போட்டுச் சமாளித்தார் என்பது அவரே சொல்லும் கதை. பிலாட்டிஸைத் தந்த ஜோசப் பிலாட்டிஸ் ஜெர்மனியில் பிறந்தவர், குத்துச்சண்டையெல்லாம் பழகியவர். யோகாவை எடுத்துக்கொண்டால், மைசூர் அரண்மனையின் யோகசாலையில் 1930-களில் கிருஷ்ணமாச்சார்யா சொல்லிக்கொடுத்தது பெரும்பாலும் பையன்களுக்கு. ரிகாவில் பிறந்த இந்திரா தேவி என்ற பெண் வந்து கேட்டபோது முதலில் முடியாது என்றவர், மன்னரின் வற்புறுத்தலுக்குப் பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அந்த இந்திரா தேவி பின்னால் ஹாலிவுட்டில் யோகா நிலையம் தொடங்கினார். பையன்களின் பயிற்சி பெண்களின் வகுப்பாக மாறியதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆண்களுக்குக் கூட்டமாக, வரிசையாக, ஒரே தாளத்தில் உடம்பை அசைப்பது புதிது என்றும் சொல்ல முடியாது. 1811-ல் பெர்லினின் ஹாசன்ஹைடேயில் ஃபிரீட்ரிக் லூட்விக் யான் திறந்த உடற்பயிற்சி மைதானம் இளைஞர்களுக்கானது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து ட்ரில் மாஸ்டரின் விசிலுக்கும், என்சிசியின் 'சாவ்தான் - விஸ்ராம்'க்கும் நாம் ஆடாததா? அவ்வளவு ஏன், தென்மாவட்டங்களின் ஒயிலாட்டத்தைப் பாருங்கள். கையில் துணியோடு ஆண்கள் வரிசையாக நின்று, அடவு பிசகாமல், திரும்பச் சொன்னால் திரும்பி ஆடுகிற ஆட்டம். என் பெரியப்பா அதில் கெட்டிக்காரர். அந்த ரத்தம் எனக்கு வரும்போது எங்கோ தூணில் முட்டிக்கொண்டுவிட்டது.

அப்படியென்றால் சிக்கல் எங்கே? நான் ஷட்டில் கோர்ட்டின் பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அங்கேயும் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இருந்தார். பத்துக்கு எட்டுத் தடவை காற்றைத்தான் அடித்தார். ஒருவரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. எல்லோர் கண்ணும் காக் மேல். அது கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதில்தான் சண்டை. தொப்பை, மூச்சிரைப்பு, தப்பான கால் எல்லாம் அந்தச் சண்டையின் மறைவில் தப்பித்துவிடுகின்றன. விளையாட்டில் உடம்பு ஒரு கருவி. வகுப்பில் உடம்பைத் தவிரப் பார்க்க வேறெதுவும் கிடையாது. பந்தில்லை, ஸ்கோர் இல்லை, தோற்றால் திட்டுவதற்குப் பார்ட்னர் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், அலுவலகத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவன், எட்டு எண்ணுவதற்குள் எந்தக் கால் என்று தெரியாமல் நிற்பதை எல்லோரும் பார்க்கிறார்கள் அல்லது பார்ப்பதாக அவன் நினைக்கிறான்.

இதே ஆள் கோயில் திருவிழாவில், சாவு ஊர்வலத்தில், பறை அடித்தால் நடுத்தெருவில் குதித்து ஆடுவான். அங்கே தப்பு என்று ஒன்று இல்லை. தப்பும் சரியும் இருக்கிற இடத்தில், கற்றுக்குட்டியாக, அதுவும் பெண்கள் முன்னால் நிற்க வேண்டும் என்றால்தான் அவனுக்கு முட்டி வலி வந்துவிடுகிறது.

ஸ்காட்லாந்தில் இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். உடம்பு போட்ட நடுவயது ஆண்கள் எடை குறைப்பு வகுப்பு என்றால் எட்டிப் பார்ப்பதில்லை. அது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சியை எடுத்துக்கொண்டு கால்பந்து மைதானத்துக்குப் போனார்கள். 13 தொழில்முறை கிளப்புகள், 35 முதல் 65 வயது வரையிலான 747 ஆண்கள், 12 வாரம். சொல்லிக்கொடுத்தது என்னவோ வழக்கமான விஷயங்கள்தான்: நடை, படிப்படியாக உடற்பயிற்சி, தட்டில் எவ்வளவு, கோப்பையில் எவ்வளவு. ஆனால் சொன்னவர் அவர்கள் கிளப்பின் பயிற்சியாளர். நடந்தது சின்ன வயதிலிருந்து கத்திக் கூச்சல் போட்ட அதே மைதானத்தில். இடுப்பில் அடி எண்ணும் கருவி. போன வாரத்தைவிட இந்த வாரம் எத்தனை என்று ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ள வாய்ப்பு. 2014-ல் 'லான்செட்'டில் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சியில் சேர்ந்தவர்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடச் சராசரியாகக் கிட்டத்தட்ட 5 கிலோ கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். உடற்பயிற்சியில் புதுமை ஒன்றும் இல்லை. வாசற்படிதான் வேறு.

கடல் கடந்து போகவும் வேண்டாம். மலப்புரம் மாவட்டத்துக் கொண்டோட்டியில் முன்னாள் ராணுவத்துக்காரர் ஒருவர் தொடங்கிய 'மெக் 7' பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை, திறந்தவெளி, 21 பயிற்சி, காசில்லை. மலபாரில் நடுவயது ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்து கை காலை ஆட்டுகிறார்கள். ஏரோபிக்ஸும் யோகாவும் கலந்த சமாச்சாரம்தான், ஆனால் அதன் மேல் பட்டாளத்து வாசனை இருக்கிறது. நம் பக்கத்து மனவளக்கலை மன்றங்களிலும் ரிட்டயர் ஆன வாத்தியார்களையும் பேங்க்காரர்களையும் பாயோடு பார்க்கலாம். உள்ளே நடப்பதில் ஒரு பகுதி, வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய முறை உடற்பயிற்சி. ஆனால் வீட்டில் "தவத்துக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். "ஸ்டெப்ஸ் கத்துக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியுமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் எங்கள் வகுப்பில் முன்வரிசையில் நிற்கும் ஒரு அம்மா, வயது அறுபத்தொன்று. "நீங்க வந்த அன்னைக்கு நாலு பேரு துப்பட்டாவத் திரும்ப எடுத்துப் போட்டாங்க தம்பி, கவனிச்சீங்களா?" கவனிக்கவில்லை. நான் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு விடிகாலைல பீச்சுல நடக்க முடியாது, கிரவுண்ட்ல எடம் கிடையாது, ஷட்டில் கோர்ட்ல எப்பவும் உங்காளுங்கதான். இந்த ஒரு மணி நேரம்தான் யாரும் பாக்காம குதிக்கிறது." ஆண்கள் ஏன் வருவதில்லை என்று கட்டுரை எழுதக் கிளம்பியவனுக்கு, வராமல் இருந்ததே சிலருக்கு வசதியாக இருந்தது என்பது கொஞ்சம் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்கலாமா, நின்றுவிடலாமா என்று யோசித்தேன். அந்த அம்மாவே, "அதுக்காக நிக்காதீங்க. கண்ண உங்க கால்லயே வெச்சிருக்கீங்க, அது போதும்" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

மற்ற காரணங்களும் உண்டு. சில இடங்களில் வகுப்பே காலை பதினொரு மணிக்கு. வேலைக்குப் போகிற பெண்ணே வர முடியாத நேரம். நோட்டீஸில் எப்போதும் இறுக்கமான உடுப்புப் போட்ட இளம்பெண் படம். பாட்டு முழுக்க இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் சரக்கு. ஆனால் இதெல்லாம் மாற்றக்கூடியவை, அதனால் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலையில், எட்டு எண்ணிக்கையில் வலது-பின்-வலது-தட்டு என்ற அடவு எனக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. எண்ணுவதை நிறுத்தியிருந்தேன், அவ்வளவுதான். 'டர்ன்' என்றபோது திரும்பினேன், தூண் அதன் பாட்டுக்கு நின்றது. பயிற்சி கொடுக்கும் பெண் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இந்த மாதச் சம்பளம் வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. சர்க்கரை எவ்வளவு குறைந்தது என்று இன்னும் பார்க்கவில்லை, மூன்று மாதம் ஆகட்டும் என்றிருக்கிறார் டாக்டர்.

போன வாரம் மூன்றாவது மாடிக்காரர் பின்னங்கால் நரம்பு பிசகி, ஷட்டிலுக்கு லீவு போட்டுவிட்டு, கிளப் ஹவுஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வகுப்பு முடியும்வரை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நினைத்தேன். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. குடியிருப்புக் குழுவில் அல்ல, தனியாக.

"சார், கால் சரியானதும் ஒரு யோசனை. அந்தத் தூணுக்குப் பின்னாடி ரெண்டு பேர் நிக்க எடம் இருக்குமா?"