விரைவு ஒளிப்படமும் கண்ணின் எல்லையும்

“கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. ஓடுங் குதிரையையும் வீழும் பாற்றுளியையும் ஒளிப்படம் பிடித்தோர் கண்ட முடிபும் இதுவேயாகும்.

விழித்திரையிற் பதிந்த தோற்றம் ஒளி நீங்கிய பின்னரும் சிறிது நேரம் நிலைத்து நிற்கும். ஆதலின், மிக விரைவாக அடுத்தடுத்து நிகழ்வன கண்ணுக்கு ஒன்றோடொன்று கலந்தே தோன்றும். கமராவின் மூடி திறந்திருக்கும் நேரத்தையோ நாம் வேண்டியவாறு குறுக்கலாம். செக்கனுக்கு 16 மீற்றர் ஓடும் குதிரையொன்றை நோக்குக. மூடி 1/50 செக்கன் திறந்திருப்பின், அதற்குள் குதிரை 32 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும், படம் குழம்பும். 1/1000 செக்கனாயின் 1.6 சென்ரிமீற்றரே நகரும். கால்கள் உடலினும் விரைவாக வீசப்படுதலின், அவற்றைத் தெளிவுறக் காட்ட இன்னும் குறுகிய நேரம் வேண்டும்.

பாய்ந்தோடும் குதிரையை ஐரோப்பிய ஓவியர் பலர், முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டி, நிலந்தொடாது பறப்பதாகத் தீட்டி வந்தனர். 1878 இல் கலிபோர்ணியாவிலுள்ள பாலோ அல்ற்றோவில், லீலண்ட் ஸ்ரான்போட் என்பாரின் ஆதரவுடன், எட்வேட் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதைக்குக் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை கடக்குந்தோறும் ஒவ்வொரு மூடியாக இயங்கிற்று. நான்கு கால்களும் நிலம்விட்டு எழுதல் உண்மையே. ஆயின் அது கால்கள் நீண்டிருக்கையிலன்று, வயிற்றின் கீழ் ஒடுங்கியிருக்கையிலேயே நிகழ்ந்தது.

குதிரை கண்ணின் குறையைக் காட்டிற்று. துளியோ மனத்தின் குறையையுங் காட்டிற்று. ஆங்கிலப் பௌதிகவறிஞர் ஆதர் வேர்திங்டன், துளி வீழ்ந்து சிதறும் கோலத்தை இருளில் மின்பொறியின் ஒளியிற் கண்டு பல்லாண்டுகள் கையால் வரைந்தார். அவ்வரைவுகளிற் சிதறல் பெரும்பாலும் எப்பக்கமும் ஒத்த வடிவினதாய் விளங்கிற்று. 1894 இல் அதனை ஒளிப்படமாக எடுத்தபோது, ஒழுங்கின்மையே மிகுதியாகக் காணப்பட்டது. கண் கண்டதை மனம் தான் எதிர்பார்த்த செவ்விய வடிவாகத் திருத்திக்கொண்டமை அவருக்குப் புலனாயிற்று. அவர் அதனை மறையாது உலகுக்குக் கூறினார்.

இங்கு நேரத்தைக் குறுக்கியது மூடியன்று, பொறியின் ஒளியே என்பது கருதத்தக்கது. இருளில் ஒளி நிலைக்கும் நேரமே படம் பதியும் நேரமாகும். பொறிமுறை மூடி எதுவும் அவ்விரைவை எட்டாது. மின்னொளி வீச்சினைத் திருத்தி வளர்த்த அமெரிக்கர் ஹரல்ட் எட்ஜேட்டன், 1957 இல் பாற்றுளி எழுப்பும் மகுடத்தையும், 1964 இல் அப்பிளைத் துளைத்தேகும் துப்பாக்கிக் குண்டையும் படமாக்கினார்.

எனினும், ஒளிப்படம் ஒரு கணத்தையே காட்டும். எக்கணத்தைக் காட்டுவதெனத் தெரிபவன் மனிதனே. எடுத்த பலவற்றுள் அழகியதொன்றை மட்டும் தெரிந்து ஏனையவற்றை ஒதுக்குவோமாயின், கருவி நீக்கிய பிழையை நாமே மீண்டும் புகுத்தியோராவோம். ஒவ்வாதனவற்றையும் ஒருங்கே வைத்து நோக்குதலே தீர விசாரித்தலாகும்.